கனகசூரியத்தின் காது

ஹெட்போனில் ஒலி எழுந்தது. கேட்டால் கை தூக்க வேண்டும். கனகசூரியம் தூக்கவில்லை.

ஆனால் அவருடைய இடது கால் பெருவிரல் அசைந்தது.

உசாந்தி ஒலியைக் குறைத்தாள். கை எழவில்லை. விரல் அசைந்தது. இன்னும் குறைத்தாள், அவளுடைய தோழிகளுக்கே பாதி நேரம் கேட்காத அளவுக்கு.

விரல் மறுபடியும் அசைந்தது.

உசாந்தி மருத்துவபீட மாணவி. இந்தப் பருவத்தில் அவர்களுக்கு ஒரு புதுப் பாடம். வகுப்பில் படித்ததை ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ளவர்களுக்கு உதவும்படி செய்ய வேண்டும். அங்கே கண்டதைத் திரும்ப வகுப்பில் வந்து பேச வேண்டும். அதற்குத்தான் புள்ளி. அவளுக்குக் கிடைத்தது குருக்கள்மடத்தில் வாவிப் பக்கத்து வீடுகள். வயதானவர்களின் காதைச் சோதித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கேட்கும் கருவி வாங்கிக் கொடுப்பது வேலை.

கனகசூரியம் வாவியில் வலை வீசுகிறவர். காது கேட்காமல் போய்ப் பல வருடம் என்று அவருடைய மனைவி சின்னத்தங்கம்தான் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தார். ஊரும் அப்படித்தான் சொன்னது. எல்லோரும் அவரிடம் கையால்தான் பேசினார்கள்.

சின்னத்தங்கம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போயிருந்தார். உசாந்தி ஹெட்போனைக் கழற்றினாள். அவருக்குப் பின்னால் போய் நின்று, மிக மெதுவாகச் சொன்னாள்.

"ஐயா, சாரத்தில கட்டெறும்பு ஏறுது."

கனகசூரியம் குனிந்து சாரத்தைத் தட்டினார்.

தட்டிய கை பாதியில் நின்றது.

திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, அவளை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பினார்.

உசாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்காத காதைக் கேட்பதாகக் காட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி விரிவுரையில் சொல்லியிருக்கிறார்கள். இவர் அதற்கு நேர்மாறு. இத்தனை வருடமும் ஒரு பகிடிக்குச் சிரிக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்திருக்கிறார். எதற்காக? மனைவியின் வாய்க்குப் பயந்தா? அப்படியென்றால் பிடிபட்டதும் சிரித்திருப்பார். கூப்பிய கைகளை அவர் இன்னும் இறக்கவில்லை.

சின்னத்தங்கம் தேத்தண்ணியோடு வந்தார். கோப்பைகளை வைத்தவர், திடீரென்று வாசல் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"அந்தா, கடப்படியில டிலக்சன் கூப்பிடுறான். இவருக்கும் கேட்டா எவ்வளவு நல்லம், புள்ள. நான் ஒருத்திதான் ஓடி ஓடிப் பாக்கன்."

உசாந்தி வாசலைப் பார்த்தாள். படலையில் யாரும் இல்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். காற்றுக்குத் தென்னோலை உரசியது. வேறு ஒன்றும் இல்லை.

சுவரில் ஒரு இளைஞனின் படம் இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை. யுத்த காலத்தில் சந்திவரை போய்விட்டு வருகிறேன் என்று போன மகன் டிலக்சன் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். போனவன் வரவில்லை. என்ன ஆனான் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

இந்த வீட்டில் கேட்கும் காது இன்னொன்று இருந்தால், 'உங்களுக்கும் கேட்டதா' என்று சின்னத்தங்கம் ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் கனகசூரியம் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"கருவி போட்டா இவருக்குக் கேக்கும்தானே, புள்ள?"

கனகசூரியம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

உசாந்தி ஹெட்போனின் வயரைச் சுற்றினாள். அதைப் பைக்குள் வைத்தாள்.

"கருவி போட்டாலும் சரிவராது அம்மா."

சின்னத்தங்கம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கோப்பையை எடுத்துக் கணவரின் கையில் கொடுத்து, அவர் தோளை ஒரு தரம் தடவிவிட்டார்.

"பரவால்ல. எனக்கு நல்லாக் கேக்குதுதானே" என்று சொல்லிக்கொண்டே படலையைத் திறக்கப் போனார்.