அரை நொடி

இரண்டாவது பாட்டில் நான்காவது பெஞ்சுக்கு வந்ததும் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

அங்கேதான் ரேடியோ உட்கார்ந்திருந்தாள். வாய் மூடாத பிள்ளை என்பதால் இரண்டாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் அது.

ரேடியோ பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் இழுத்தாள். கண் மட்டும் பக்கத்துப் பையன் முகத்துக்கு ஓடியது. அவன் முகம் மலர்ந்திருந்தது. அரை நொடி கழித்து இவள் முகமும் மலர்ந்தது.

முதல் பாட்டிலுக்கும் அப்படித்தான். அந்த அரை நொடியை டீச்சர் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள்.

இந்தப் பிள்ளைக்கு வாசனை தெரியவில்லை.

பாடம் ஐம்புலன்கள். இன்று மூக்கு. காகிதம் சுற்றிய ஐந்து பாட்டில்கள், மூடியில் ஊசித் துளைகள். காபித்தூள், சோப்பு, எலுமிச்சைத் தோல், ஏலக்காய். இன்னொன்றில் டீச்சர் மகனுடைய கால்பந்து சாக்ஸில் ஒரு துண்டு. மூன்று நாள் துவைக்காதது. காலையில் முகத்தைக்கூடச் சுளிக்காமல் கத்தரித்துப் போட்டிருந்தாள். எதில் எது என்று டீச்சர் உட்பட யாருக்கும் தெரியக் கூடாது என்பதால், வகுப்புத் தலைவன் அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோய், மூக்கைப் பிடித்துக்கொண்டே இடம் மாற்றி வைத்திருந்தான்.

மோந்து பார்த்து, வாயைத் திறக்காமல் நோட்டில் எழுத வேண்டும். அதுதான் விதி.

விதியைக் கெடுத்தவர், பள்ளியைப் பார்வையிட வந்திருந்த ஆய்வாளர். கடைசி வரிசையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"என்ன டீச்சர், ஒரே ஊமைப் படமா இருக்கு? நான் வந்ததுலேருந்து பேசிக்கிட்டே இருக்காளே அந்தப் பாப்பா, அவளை முன்னாடி கூப்பிடுங்க. அடுத்த பாட்டிலை அவ சத்தமா சொல்லட்டும்."

ரேடியோ முன்னால் வந்தாள்.

இப்போது அவளுக்குப் பக்கத்தில் பார்ப்பதற்கு ஒரு முகம் இல்லை. முப்பத்திரண்டு முகங்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

காலையிலிருந்து முதல் முறையாக அவள் வாய் ஓய்ந்தது.

டீச்சருக்கு இந்த வகுப்பைத் தெரியும். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ரேடியோ என்று பெயர் வைக்க அவர்களுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. இன்னொரு பெயர் வைக்க மதிய மணிகூட அடிக்க வேண்டாம். அந்தப் பெயர் பள்ளிக்கூடத்தோடு நிற்காது. கல்யாண வயது வரை கூடவே வரும்.

"இரு, நான் முதல்ல பார்க்கிறேன்" என்று மூன்றாவது பாட்டிலை எடுத்தாள்.

மூடியை மூக்கோடு சேர்த்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள். உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ஆஹா" என்றாள்.

பிறகு பாட்டிலை நீட்டினாள்.

ரேடியோ வாங்கினாள். கண்ணை மூடினாள், இழுத்தாள், சிரித்தாள், தலையைச் சாய்த்தாள். அச்சு அசல். போன உயிர் திரும்பி வந்த குரலில் சொன்னாள்.

"சோப்பு!"

வகுப்புத் தலைவன் எட்டி வாங்கி மோந்தான்.

"உவ்வே! சாக்ஸ் டீச்சர் இது! செத்த சாக்ஸ்!"

பாட்டில் கைமாறக் கைமாற ஒவ்வொரு பெஞ்சும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது. ஆய்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன டீச்சர், ஜலதோஷமா?"

நல்ல மனிதர். கேள்வியோடு பதிலையும் சேர்த்தே கையில் கொடுத்திருந்தார். ஆமாம் சார் என்றால் டீச்சர் தப்பித்துவிடலாம். ரேடியோ தப்பிக்க முடியாது. அவளுக்கு இன்னும் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இந்த அறைக்கு வெளியே எத்தனையோ.

ரேடியோ சிரிக்கவில்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பு தானாக அடங்கும்வரை டீச்சர் காத்திருந்தாள். கடைசிச் சிரிப்பும் ஓய்ந்து, மின்விசிறியின் கிறீச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"ஜலதோஷம் இல்லீங்க சார். எனக்கு வாசனையே தெரியாது. பிறந்ததிலேருந்து."

வகுப்புத் தலைவன்தான் மெதுவாகக் கேட்டான்.

"சாக்ஸ் கூடவா டீச்சர்?"

"சாக்ஸ் கூட."

"நம்ம பின்பக்க பாத்ரூம்?"

"அதுவும்தான்."

அவன் பெருமூச்சு விட்டான். "குடுத்து வெச்சவங்க!"

வகுப்பு அதை ஏற்றுக்கொண்டது. தலைகள் பொறாமையோடு ஆடின.

"எனக்கும் தெரியாது!" என்றாள் ரேடியோ. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். "எனக்கும் ஒண்ணுமே தெரியாது! நானும் குடுத்து வெச்சவ!"

ஆய்வாளர் ஏதோ எழுத எடுத்த பேனா அப்படியே நின்றது. டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. நான்காவது பாட்டிலை எடுத்து வகுப்புத் தலைவன் கையில் கொடுத்தாள்.

"நீ மோந்து பாரு. வாயத் திறக்காதே. உன் மூஞ்சியப் பார்த்து நாங்க ரெண்டு பேரும் கண்டுபிடிக்கிறோம்."

அவன் மூடியை மூக்கருகே கொண்டுபோகும்போது ரேடியோ டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"உங்களுக்கு நடிக்கவே தெரியல டீச்சர்" என்றாள் ரகசியமாக. "மத்தவங்க முகத்தைப் பார்த்துட்டு அப்புறம்தான் சிரிக்கணும்."