கன்று நக்கிய கை

மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பின்னால் இசக்கியம்மாள் வளர்த்த பசு, 2001 மழைக்காலத்தில் ஒரு காளைக்கன்றை ஈன்றது. ஓணத்துக்குள் அதன் தொடைகள் பயில்வானுடையவைபோல் புடைத்துவிட்டன. பயந்துபோய் மாட்டு டாக்டர் மஞ்சுஷாவை அழைத்தாள்.

“வளர்ந்தது போதும்னு தசைக்குச் சொல்ற ஒரு ஜீன் உண்டு சேச்சி. இதுக்கு அது வேலை செய்யல. சில மாட்டுக்கு இப்படி வரும், பேடிக்க வேண்டாம்.”

சின்ன வயதில் நாய் கடித்துச் சதை பிய்ந்த குழி ஒன்று இசக்கியம்மாளின் இடது புஜத்தில் இருந்தது. அவள் பால் கறக்கும்போதெல்லாம் கன்று அதைத்தான் தேடிவந்து நக்கும். ஒருநாள் குளிக்கையில் தடவிப் பார்த்தாள். குழி இல்லை. தழும்பும் இல்லை. பிறகு அந்த இடம் மேடிட்டது. ரவிக்கையின் இடது கை மட்டும் தையல் விட்டது.

“கறந்து கறந்து கை உரம் ஏறியிருக்கும்,” என்றான் கணவன் நல்லசிவம்.

“ரெண்டு கையாலயும்தானே கறக்கேன்?”

அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டர் மறுபடி வந்தபோது, முந்தானையால் தோளைப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

“போதும்னு சொல்ல வைக்க மருந்து இருக்கா டாக்டரே?”

“கன்னுக்கா? இல்ல சேச்சி. அது நல்லாத்தானே இருக்கு?”

இசக்கியம்மாளின் தோளிலிருந்து முந்தானை நழுவியது. ஓர் ஈ வந்து புஜத்தில் உட்கார்ந்தது. அவள் கையை அசைக்கவே இல்லை. அந்த இடத்துத் தோல் மட்டும், மாடு உதறுவதுபோல் தானாகச் சிலிர்த்து ஈயை விரட்டியது.