அஞ்சலை குடிவந்த வீடு

சமையல் ரோபோ அஞ்சலையின் பழைய உடலை அப்பா காயலான் கடையில் போட்டுவிட்டார். புது ரோபோவின் சொந்த நினைவோடு, டிஸ்க்கில் இருந்த அஞ்சலையின் நினைவையும் அதற்குள் விருந்தாளியாக ஏற்றும் பொறுப்பு இதழினியுடையது. ஒவ்வொரு முறை ஏற்றி முடித்ததும் புது ரோபோ, "வணக்கம், எந்த மொழி வேண்டும்?" என்று முதலிலிருந்தே ஆரம்பித்தது.

"அண்ணா, அஞ்சலையைத் தொலைச்சுட்டேன் போலிருக்கு. பயமா இருக்குடா," என்று கிசுகிசுத்தாள்.

அண்ணன் மருதன் சிரித்தான். "லூசு, ஏத்துற டிஸ்க்கை வெளிய எடுத்தியா? அது உள்ளயே இருந்தா திரும்பத் திரும்ப ஏத்திக்கிட்டேதான் இருக்கும்."

இதழினி டிஸ்க்கை உருவினாள். ரோபோ கண் திறந்தது.

"அடியே, அடுப்புல பாலை வச்சிட்டு அண்ணனோட என்னடி வெட்டிப்பேச்சு?"

பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இதழினி ரோபோவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அதே வாய் இப்போது புது ரோபோவின் குரலில் பணிவாகச் சொன்னது: "மன்னிக்கவும், என் விருந்தாளிக்குக் கொஞ்சம் வாய் நீளம்."