பதினாறு மடங்கு

கண்ணாடிக் கதவில் மூக்கு அழுந்த நின்றிருந்தாள் கனிஷ்கா.

உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாவதில் தம்பி. நாள் ஆகுமுன்பே அவசரப்பட்டு வந்துவிட்டவன். அம்மா மாடி வார்டில் படுத்திருந்தாள்.

சிஸ்டர் வெளியே வந்தாள்.

"ஒரு கிலோ அறுநூறு இருக்கான்."

அப்பா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார்.

வராண்டாவின் கோடியில் ஓர் எடை மெஷின் கிடந்தது. அவள் ஓடிப்போய் ஏறி நின்றாள். முள் நடுங்கி, இருபத்து நான்கில் நின்றது.

நாலாம் வகுப்பில் அந்த வாரம் மடங்குக் கணக்கு. ரோஜாச் செடியைப் போல ஆறு மடங்கு உயரமான மாமரம். முருகேசனைப் போல மூன்று மடங்கு கோலிக்குண்டு வைத்திருக்கும் ஜோசப். எல்லாம் யாரோ வைத்த மரம், யாருடையதோ கோலிக்குண்டு.

இது அவளுடைய கணக்கு.

கிலோவைக் கிராமாக்கி, வராண்டா பெஞ்சில் விரலால் எழுதி வகுத்தாள்.

பதினைந்து மடங்கு. மீதியே இல்லை.

தராசில் ஒரு தட்டில் அவள். மறு தட்டில் பதினைந்து தம்பிகள். பதினைந்து பேரும் ஒன்றாக அழுதால்? சிரிப்பு வந்தது.

அவன் வளர வளர எண் சின்னதாகும். பத்து. ஐந்து. இரண்டு. ஒருநாள் ஒன்று. அதற்கும் கீழே போனால் அதை எப்படிச் சொல்வது? மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை சிஸ்டர் வந்தாள்.

"ஒண்ணு ஐந்நூறு. ஆரம்பத்துல கொஞ்சம் குறையத்தான் செய்யும். பார்ப்போம்."

அப்பா தலையாட்டினார். பார்ப்போம் என்பதை மட்டும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

அவள் வகுத்தாள்.

பதினாறு.

எண் தப்பான பக்கம் நகர்ந்திருந்தது.

அவன் பக்கம் அவளால் எதுவும் செய்ய முடியாது. பெட்டி பூட்டியிருக்கிறது.

தன் பக்கம் முடியும்.

ஆயிரத்து ஐந்நூறைப் பதினைந்தால் பெருக்கினாள். இருபத்து இரண்டரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ குறைந்தால் போதும்.

மதியச் சாப்பாட்டைப் பக்கத்தில் காத்திருந்த யாரோ ஓர் அக்காவிடம் கொடுத்தாள். ராத்திரி வயிறு வலிக்கிறது என்றாள். காலையில் மறுபடி மெஷினில் ஏறினாள்.

முள் அசைந்து கொடுக்கவில்லை.

பெஞ்சுக்கு அடியில் பிரிக்காத இட்லிப் பொட்டலத்தை அப்பா கண்டுபிடித்தார்.

"ஏட்டி கனிஷ்கா, நேத்துலேருந்து சாப்பிடலயா?"

"அவன் எறங்கிட்டாம்லப்பா. நானும் எறங்கணும். இல்லன்னா ரொம்பத் தூரமாயிரும்."

அவருக்குப் புரியவில்லை. அவள் பெஞ்சில் விரலால் எழுதிக் காட்டினாள். இவ்வளவு நான். இவ்வளவு அவன். அவர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் முகத்தைத் திருப்பி, ஓடாத ஃபேனைப் பார்த்தார்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தார்.

"நீயும் எறங்கிட்டா அவன யாருட்டி தூக்குவா?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை.

வாயைத் திறந்தாள். முதல் துண்டை விழுங்கினாள். இரண்டாவதைப் பிட்டு அவர் வாயருகே நீட்டினாள். தானும் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததுபோல இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் சிஸ்டர் ஒரே எடையைச் சொன்னாள். அவள் வகுப்பதை விடவில்லை. சாப்பிடுவதையும் விடவில்லை.

ஒரு காலையில் சிஸ்டர் கதவைத் திறக்கும்போதே சொன்னாள்.

"ஒண்ணு ஐந்நூத்தி இருபது. ஏற ஆரம்பிச்சுட்டான்."

அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

அவள் மண்டியிட்டு, பெஞ்சில் எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதினாள். பதினாறு போகவில்லை. பதினைந்துதான் போனது. ஆனால் நேராகப் போய் நிற்கவில்லை.

"மீதி வருதுப்பா. பெரிய மீதி. அத என்ன செய்ய?"

அப்பா கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத அவன் பாத்துக்குவான்."