இருபத்துநான்கு கிலோபைட் குரல்

பேரன் முதல் வார்த்தையைச் சொன்னபோது வீடே அரை அடி மேலே எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

"அம்மா."

ஒரு பிசிறு இல்லை. பதினொரு மாதக் குழந்தை செய்தி வாசித்த மாதிரி இருந்தது. நல்லவேளை, நான் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவனுடைய அம்மா, என் பெரிய மகள், கப்பலில் எஞ்சினியர். கடலுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. எப்போது பேசினாலும் ஒரே பல்லவிதான்: பிள்ளை என்னை மறந்துவிடுவான்.

விஷயத்தை எழுதி அனுப்பிய நொடியே பதில் வந்து விழுந்தது.

'வீடியோ அனுப்புங்கப்பா! கப்பல்ல அளந்து குடுக்குற டேட்டாவுல இந்த மாசத்துக்கு நாற்பது எம்.பி.தான் மிச்சம். அதுக்குள்ள அடங்குமா?'

யாரிடம் கேட்கிறாள்! முப்பத்தாறு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தெருமுனையில் திரும்பினாலே தராசு முள்ளெல்லாம் விறைத்து நின்று சல்யூட் அடிக்கும். தர்பூசணிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஓய்வு பெற்றபின் அளக்க ஒன்றும் அகப்படாமல் பிட், பைட் என்று இறங்கிவிட்டேன். ஆயிரத்து இருபத்துநான்கு பைட் சேர்ந்தால் ஒரு கிலோபைட். ஆயிரத்து இருபத்துநான்கு கிலோபைட் சேர்ந்தால் ஒரு எம்.பி. ஆயிரத்துக்கு இருபத்துநான்கு கொசுறு போடும் கடையை உலகத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வீடியோவின் அளவைப் பார்த்தேன். பிறகு வீடியோவை இன்னொரு முறை பார்த்தேன்.

"முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு!" என்று கூவினேன். "கிலோபைட்!"

குழந்தையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சின்ன மகள் நிமிர்ந்தாள்.

"அவ்வளவா? அக்காகிட்ட நாற்பதுதானேப்பா இருக்கு?"

"நாற்பது எங்கே, முப்பத்தெட்டாயிரம் எங்கே! யானையைத் தீப்பெட்டியில அடைக்கச் சொல்றா உங்கக்கா. படம் போகாதும்மா. குரல் மட்டும்தான் போகும்."

வெட்ட ஆரம்பித்தேன்.

முதலில் நிறங்கள் உதிர்ந்தன. ஜன்னல் வெளிச்சம் கரைந்தது. பாய், பந்து, சுவர், நீட்டிய இரண்டு குட்டிக் கைகள் எல்லாம் பஞ்சாகப் பறந்து போயின. கடைசியில் ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. இருபத்துநான்கு கிலோபைட். கண்ணிமை மேல் வைத்தாலும் கனக்காது.

அனுப்பினேன்.

அது ஜன்னல் கம்பி வழியே நழுவி, மேகத்துக்கு மேலே ஏதோ ஒரு செயற்கைக்கோளில் ஒற்றைக்கால் ஊன்றி, நீலத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கியதை நாற்காலியில் சாய்ந்தபடியே பார்த்தேன். திமிங்கலங்கள் ஒதுங்கி வழிவிட்டன. சத்தியமாக.

பதில் வந்தது.

'பதினேழு தடவை கேட்டுட்டேன்பா. என்னை மறக்கலை. என்னைத்தான் தேடுறான்.'

முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சத்தை ஆயிரத்து இருபத்துநான்கால் வகுத்தால் கச்சிதமாக முப்பத்தெட்டு எம்.பி. வரும். தாராளமாக அடங்கியிருக்கும். இரண்டு எம்.பி. மிச்சம் வேறு.

அந்தப் படத்தில் அவன் கைகளை நீட்டி, கண்ணெல்லாம் சிரிப்பாக, 'அம்மா' என்று கூப்பிட்டது சின்னவளை.

சின்னவள் என்னிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. குழந்தையை மடியில் இருத்திக்கொண்டு, அலுவலக வேலைக்காக லேப்டாப்பைத் திறந்தாள்.

எந்தக் கோப்புக்கு எத்தனை எம்.பி. இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் எட்டு வருஷமாக அவளுடைய உத்தியோகம்.