இறால் கேட்ட கேள்வி

"'இதை எழுதினவன் கையில கீபோர்டைக் குடுத்ததே தப்பு'ன்னு போட்டுகீறான் நைனா."

மகள் சுபஸ்ரீ போனை நீட்டினாள். கரையேறிக் கிடந்த படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த கோதண்டம் நிமிர்ந்தார்.

"யாரு அவன்?"

"இன்டர்நெட்ல ஒரு தமிழ் குரூப்பு. புரோகிராம் எழுதறவங்க அதுல சந்தேகம் கேப்பாங்க. இவன்தான் அதுக்கு அட்மின்."

"நீ இன்னா கேட்ட?"

"ஒரு சினிமா டிக்கெட்ட ரெண்டு பேரு ஒரே நேரத்துல அழுத்துனா இன்னா ஆவும்னு கேட்டேன். த்ரெட் சேஃப்டின்னு சொல்லுவாங்க. நாலு வரி புரோகிராமும் போட்டேன். என் பேருக்குப் பதிலா 'இறால்'னு வெச்சிகினேன்."

"அதுக்கா இந்தப் பேச்சு?"

"இன்னும் கீது. 'அரிச்சுவடி தெரியாம இங்க வந்து எங்க உயிரை எடுக்காதே. பேரே இறால். போய் வலையில விழு'ன்னு எழுதிகீறான். அறுபது பேரு சிரிச்சிகீறாங்க."

கோதண்டத்துக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"தெரியாதவன்தானே கேப்பான்? தெரிஞ்சவன் எதுக்குக் கேக்கப் போறான்? கேட்ட புள்ளைய நாலு பேரு நடுவுல கேலி பண்றதுதான் படிச்சவன் லட்சணமா? எந்த ஊரு அவன், சொல்லு. போய் சட்டையப் புடிச்சிக் கேக்கறேன்."

"உடு நைனா. அவன் சொன்னது சரிதான்."

"திட்டுனவனுக்கு வக்காலத்து வேற வாங்கறியா?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவருக்குத்தான் ஆறவில்லை.

அவருடைய தலைக்கு மேலேயே கத்தி தொங்கியது. ஏரியில் வலை கட்ட ஒதுக்கிய இடத்துக்குப் பாடு என்று பேர். ஒரு பாடு என்றால் அதில் ஒரு நாளைக்கு ஒருத்தர் வலைதான். யாராவது போக முடியாமல் விட்ட பாட்டை முதலில் கேட்பவருக்குக் கொடுப்பார்கள். மூன்று வருஷமாக அதையும் போன் ஆப்பில் அழுத்தித்தான் வாங்க வேண்டும்.

பத்து நாளைக்கு முன் காலை ஆறு மணிக்குக் கோதண்டம் அழுத்தினார். "பாடு உங்களுக்கு" என்று வந்தது. போய் வலை கட்டினார். பின்னாலேயே சீனிவாசன் வந்து நின்றான். அவனுக்கும் அதே பாடு வந்ததாம். மீனவர் சங்க ஆபீஸில் போய்ப் பார்த்தால் சீனிவாசன் பேர் மட்டும் இருந்தது. ஆப்பைத் திரும்பத் திறந்தால் இவர் போனில் வந்ததையும் காணோம்.

அவ்வளவுதான், கோதண்டம் பாட்டைத் திருடிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. நாற்பது வருஷமாக ஏரியில் இறங்குகிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? இன்று சாயங்காலம் பஞ்சாயத்து. தப்பு அவர் மேல்தான் என்று முடிவானால் ஒரு வருஷத்துக்கு ஏரியில் வலை வைக்க முடியாது.

அப்பன் நிலைமை இப்படி இருக்க, பொன்னேரி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிற மகள் மூன்று நாளாகச் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரே கதி என்று கிடந்தாள். சினிமா டிக்கெட்டாம். அவருக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் மீன் ஏலக்கூடத்தில் ஊரே கூடியது. போன் ஆப்பை எழுதிக் கொடுத்த ஜெகதீஸ்வரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். குப்பத்தின் முதல் இன்ஜினீயர் என்பதால் தலைவர் சின்னதம்பி பக்கத்திலேயே அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"என் ஆப்ல ஒரு பாடு ரெண்டு பேருக்குப் போகவே போகாது. கோதண்டம் மாமா பொய் சொல்றாரு, வேற இன்னா?" என்றான்.

கோதண்டம் எழுந்தார். கோபத்தில் வாய் குழறியது. அதற்குள் பின்னாலிருந்து சுபஸ்ரீ முன்னே வந்தாள்.

"அண்ணா, ஒரு சந்தேகம். இந்த நாலு வரியக் கொஞ்சம் பாருங்க."

போனை வாங்கிப் பார்த்தவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அட, அந்த இறால் நீதானா? அந்தக் குரூப்புக்கு நான்தாம்மா அட்மின்."

கோதண்டத்தின் கை தானாக அவன் சட்டையைப் பிடிக்கப் போனது. சுபஸ்ரீ அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல இன்னா தப்புன்னு ஊருக்குப் புரியற மாதிரி சொல்லுங்கண்ணா."

ஜெகதீஸ்வரன் எழுந்து நின்றுகொண்டான். பாடம் நடத்தச் சொன்னால் அவனுக்குக் கசக்குமா?

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல அழுத்தறாங்க. 'சீட்டு காலியா?'ன்னு இது பாக்குது. ஒருத்தர் பேரை எழுதறதுக்குள்ள அடுத்தவருக்கும் காலின்னு சொல்லிடுது. ரெண்டு பேருக்கும் 'உங்களுக்குத்தான்'னு வந்துடும். கடைசியா எழுதுனவர் பேரு மட்டும் நிக்கும். மொதல் ஆளு பேரு அழிஞ்சே பூடும்."

சீனிவாசன் மெதுவாகத் திரும்பிக் கோதண்டத்தைப் பார்த்தான்.

"அப்ப அந்த மொத ஆளு பொய் சொல்லலியேப்பா," என்றார் சின்னதம்பி.

"அவன் இன்னா பண்ணுவான், பாவம்? தப்பு பூரா இத எழுதுன முட்டாளோடது. சொல்லும்மா, யாரப் பாத்து எழுதுன இத?"

"பேரை மட்டுந்தாண்ணா நான் மாத்துனேன்," என்றாள் சுபஸ்ரீ. "சினிமா டிக்கெட்னு இருக்கற எடத்துல எல்லாம் பாடுன்னு போட்டுப் படிங்க. மூணு வருஷம் முந்தி நீங்க எழுதிக் குடுத்தது, சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அப்படியே கீது."