பிறந்த வீட்டுக் குடம்

அந்தக் கடலோர ஊரில் எந்த வீட்டுத் தண்ணீரும் வெளியே போவதில்லை. குளித்ததும் கழித்ததும் தெளிந்து அதே தொட்டிக்குத் திரும்பிவிடும். அதனால் கல்யாணமாகிப் போகிறவள் பிறந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுபோய்ப் புகுந்த வீட்டுத் தொட்டியில் கலப்பாள். பிரிந்தால் ஒரு குடம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

விவாகரத்தான அன்று நிதிலா தொட்டியில் குடத்தை முக்கி எடுத்தாள். வாசல்வரை வந்த மாமியார், "இதுல உன் தண்ணி எதுன்னு யாரும்மா கண்டா? பாத்துப் போ" என்றாள்.

வழியில் புயல்மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் ஆறாக ஓடியது. இடுப்பில் தளும்பிய குடத்தில் கணவனாயிருந்தவன் முகம் கழுவிய தண்ணீரும் இருந்தது, அவள் அழுத தண்ணீரும் இருந்தது. அம்மா வீட்டில் ஊற்றினால் ஆயுசுக்கும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். நிதிலா குனிந்து குடத்தை வெள்ளத்தில் மெல்லச் சாய்த்தாள். ஒரு கணம் அது மட்டும் தெளிவாகத் தெரிந்து, பிறகு கலங்கிக் கலந்து, கடலைப் பார்த்துப் போயிற்று.

அம்மா கதவருகே காத்திருந்தாள். "நம்ம தண்ணிய வாங்கிட்டு வந்துட்டியா?"

நிதிலா குடத்துக்குள் பார்த்தாள். வழியெல்லாம் பெய்த மழை கால் குடம் சேர்ந்திருந்தது.

"அது போயிடுச்சும்மா. இது இன்னும் யார் வீட்டுக்கும் போகாத தண்ணி."